வரவும் செலவும்: சக்கரத்தின் பின்னே ஒரு கல்



இப்பகுதிக்கு வரும் மடல்களில் முன்பெல்லாம் அஞ்சலகச் சேமிப்பு, சீட்டு, ஊரில் உள்ள நிலத்தை விற்கலாமா வைத்திருக்கலாமா என்பன போன்ற வினாக்களே மிகுதியாக இருக்கும். அண்மைக் காலத்தில் வேறொரு வினா அடிக்கடி தலைகாட்டுகிறது. கமாடிட்டி வாயிதாவில் அன்றைக்கு வாங்கியதை அன்றைக்கே விற்றுப் பொருள் ஈட்டலாமா, 'டிரெயிலிங் ஸ்டாப் லாஸ்' என்ற ஒன்றைப் போட்டுவிட்டால் நட்டமே வராது என்கிறார்களே, அது மெய்யா என்பதே அவ்வினா.

கேட்போர் இரு வகையினர். ஹெப்பால், மேட்டகள்ளித் தொழிற்பேட்டைகளிலும் கணினி நிறுவனங்களிலும் பணிபுரியும் நம் இளைஞர் ஒரு வகையினர். அவர்களைப் பெற்றவர்கள் மற்றொரு வகையினர். எப்படிச் செய்வது என்று இளைஞர் கேட்கின்றனர். எப்படி நிறுத்துவது என்று பெற்றோர் கேட்கின்றனர். இரு சாராரும் ஒருங்கே இருந்து படிக்கத்தக்க ஒரு விடையை எழுத முயல்கிறோம்.

வாயிதா பிறந்த கதை

வாயிதா வாணிபத்தைச் சூது என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவோர் உளர். அது நேர்மையான தீர்ப்பு ஆகாது. பண்டம் இன்று கைக்கு வராமல், வரப்போகும் ஒரு நாளில் இன்ன விலைக்குத் தருவேன், இன்ன விலைக்குப் பெறுவேன் என்று இன்றே பேசி முடிப்பதுதான் வாயிதா. சப்பான் நாட்டில் ஒசாகா நகரத்து டோஜிமா அரிசிச் சந்தை 1730இல் அரசின் ஒப்புதல் பெற்று இம்முறையை நடத்தியது. அமெரிக்காவில் சிகாகோ வாணிபக் கழகம் 1848இல் தோன்றியது. நம் நாட்டில் பம்பாய்ப் பருத்தி வாணிபச் சங்கம் 1875இல் முறையாகத் தொடங்கிற்று. விடுதலைக்குப் பின் 1952இல் முன்பேர ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. சீனப் போர் மூண்ட 1962இல் தங்க வாயிதா தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே தங்கக் கட்டுப்பாடு வந்து நம் பொற்கொல்லர் குடும்பங்களை வாட்டியது மூத்தோர்க்கு நினைவிருக்கும். நெடுங்காலம் பூட்டிக்கிடந்த கதவு 2003இல் மீண்டும் திறந்தது. மும்பையில் எம்.சி.எக்ஸ்., என்.சி.டி.இ.எக்ஸ். என்னும் இரு பெருஞ்சந்தைகள் அவ்வாண்டின் இறுதியில் தொடங்கின. 2015 செப்டம்பர் முதல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே இவற்றையும் கண்காணிக்கிறது.

இதனால் யாருக்குப் பயன்? நம் ஊரிலேயே காட்டலாம். அசோகா சாலையில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு கிலோ தங்கம் வாங்குகிறார். அது வளையலாகவும் சங்கிலியாகவும் மாறி விற்றுத் தீர ஒரு திங்கள் ஆகும். அதற்குள் விலை விழுந்தால் கூலியில் கிடைத்த ஊதியம் முழுவதும் போய்விடும். ஆகவே அவர் சந்தையில் ஒரு கிலோ வாயிதாவை விற்று வைக்கிறார். விலை இறங்கினால் பெட்டியிலுள்ள தங்கத்தில் வரும் நட்டத்தை வாயிதாவில் வரும் இலாபம் ஏறக்குறைய ஈடுசெய்கிறது. விலை ஏறினால் இதில் நட்டம், அதில் இலாபம். அவர் விரும்புவது விலையில் ஆதாயம் அன்று, அமைதியான உறக்கம். குடகுத் தோட்டத்துக் காப்பிக்கும் இதே கதைதான். ரொபஸ்டாவின் விலையை இலண்டன் வாயிதாச் சந்தையும், அரபிகாவின் விலையை நியூயார்க் சந்தையும் காட்டுகின்றன. குடகில் காய் பழுக்குமுன்பே அதன் விலை கடலுக்கு அப்பால் ஏறி இறங்குகிறது. அத்தகைய பண்டத்தை விளைவிப்போர்க்கும் வாங்குவோர்க்கும் வாயிதா ஒரு குடை.

இவ்வாறு அச்சத்தை இறக்கி வைக்க ஒருவர் வேண்டுமானால், அதனை ஏற்றுக்கொள்ள மற்றொருவர் வேண்டும். அந்த மற்றொருவர்தாம் ஊக வணிகர். அவரிடம் தங்கமும் இல்லை, காப்பியும் இல்லை. விலையின் போக்கைக் கணித்து ஊதியம் தேடுகிறார். அன்றைக்கன்று கணக்கு முடிக்கும் நாள் வணிகர் இவ்வினத்தைச் சேர்ந்தவரே. நகைக்கடைக்காரர்க்கு வாயிதாவில் நட்டம் வந்தால் பெட்டியில் இலாபம் இருக்கும். நாள் வணிகருக்கு அப்படி ஈடுசெய்ய ஒரு பெட்டி இல்லை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பொன்னும் நம் குடும்பங்களும்

பழைய மைசூர் அரசிலே தமிழர் குடியேறிய வரலாற்றில் பொன்னுக்குப் பெரிய இடம் உண்டு. 1880ஆம் ஆண்டுகளில் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். சிவசமுத்திரத்து அருவியில் 1902இல் உண்டாக்கிய மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து முதலில் போய்ச் சேர்ந்த இடம் அந்தச் சுரங்கமே. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, வெம்மையிலும் இருளிலும் இறங்கிப் பாறையை உடைத்தவர்கள் நம்மவர்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பொன்னை வெட்டி எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளுள் சிலர், இன்று கைப்பேசியின் திரையில் கண்ணால் காணாத பொன்னை ஒரு கிலோ, நூறு கிராம் என்று வாங்கி விற்கின்றனர். பாட்டனார் சுரங்கத்துள் இறங்கும்போது அங்கு ஆபத்து இருப்பதை அறிந்தே இறங்கினார். பேரனுக்கு ஆபத்து இருப்பதே தெரியாதபடி திரை பளபளப்பாக இருக்கிறது. அவ்வளவே வேறுபாடு.

எளிய முதல், பெரிய சுமை

எம்.சி.எக்ஸ். சந்தையில் தங்கத்திற்குப் பல அளவுகள் உள்ளன. பெரிய ஒப்பந்தம் ஒரு கிலோ. 'கோல்டு மினி' 100 கிராம். 'கோல்டு கினி' 8 கிராம், நம் வீட்டுக் கணக்கில் ஒரு பவுன். 'கோல்டு பெட்டல்' ஒரே கிராம். கச்சா எண்ணெய் 100 பீப்பாய், சிறிய ஒப்பந்தம் 10 பீப்பாய். வெள்ளி 30 கிலோ, 5 கிலோ, 1 கிலோ. இவ்வொரு பொட்டலத்தையும் 'லாட்' என்பர்.

கணக்கு எளிதாக இருக்கவேண்டிப் பத்து கிராம் தங்கம் ரூ.1,00,000 என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு கோல்டு மினியின் மதிப்பு ரூ.10,00,000. இதனை வாங்கப் பத்து இலட்சமும் வேண்டுவதில்லை. 'மார்ஜின்' என்னும் ஒரு பகுதியைக் கட்டினால் போதும். அதன் விகிதம் அவ்வப்போது மாறும். பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் ரூ.1,00,000. தங்கம் நூற்றுக்கு ஒன்று இறங்கினால் நட்டம் ரூ.10,000, அதாவது கட்டிய பணத்தில் பத்தில் ஒரு பங்கு. கட்டியது ஓர் இலட்சமாயினும் தோளில் ஏறியிருப்பது பத்து இலட்சத்தின் சுமை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வேளையையும் எண்ண வேண்டும். உலோகமும் எண்ணெயும் காலை 9 மணி முதல் இரவு 11.30 வரையும், அமெரிக்காவில் குளிர்கால நேரம் நடக்கும் திங்கள்களில் 11.55 வரையும் விற்பனை ஆகின்றன. ஆயினும் விலை துள்ளுவது பெரும்பாலும் மாலைக்குப் பின்னரே. அமெரிக்க அரசின் எண்ணெய் இருப்புக் கணக்கு வழக்கமாகப் புதன்கிழமை வெளிவரும்போது இங்கே இரவு 8 மணி. அங்குக் குளிர்கால நேரமாயின் 9 மணி. இயற்கை எரிவாயுக் கணக்கு வியாழன் இரவு அதே வேளையில். அவர்களுடைய வேலைவாய்ப்புக் கணக்கு, பெரும்பாலும் திங்களின் முதல் வெள்ளியன்று, நம் மாலை 6 அல்லது 7 மணிக்கு. சுருங்கச் சொன்னால், வீட்டில் இலை போடும் வேளையும், பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் வேளையும், தாய் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் வேளையுமே இவ்வாணிபத்தின் உச்சிவேளை. இழப்புக் கணக்கில் பணத்தை மட்டும் எழுதுவோர் இதனையும் ஒரு வரியில் எழுதிக்கொள்வது நலம்.

பின்தொடரும் காவல்

இனி, கேட்கப்பட்ட கருவியைப் பார்ப்போம். 'ஸ்டாப் லாஸ்' என்பது, விலை இன்ன அளவுக்கு எனக்கு எதிராகச் சென்றால் என் ஒப்பந்தத்தை முடித்துவிடு என்று முன்கூட்டியே தரகரிடம் கொடுத்து வைக்கும் ஆணை. அது நின்ற இடத்தில் நிற்கும். 'டிரெயிலிங் ஸ்டாப்' என்பது நகரும் ஆணை. விலை நமக்குச் சாதகமாக நகர நகர, குறித்த தொலைவு விட்டு அதுவும் பின்னே வரும். விலை திரும்பினால் அது திரும்பாது. இருந்த இடத்திலேயே நிற்கும்.

மேட்டில் பாரவண்டி ஏறுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். மாடுகள் சில அடி இழுத்ததும் களைத்து நிற்கும். உடனே பின்னால் வருபவன் சக்கரத்தின் அடியில் ஒரு கல்லை வைப்பான். மறுபடி வண்டி முன்னேறும். கல்லும் முன்னே நகரும். வண்டி பின்வாங்கினால் கல்லுவரைதான் வரும், அடிவாரம்வரை உருளாது. கல் ஒருபோதும் கீழ்நோக்கி வைக்கப்படுவதில்லை. அந்தக் கல்தான் டிரெயிலிங் ஸ்டாப்.

மேற்சொன்ன கணக்கையே தொடர்வோம். ரூ.1,00,000க்கு ஒரு கோல்டு மினி வாங்கி, ரூ.400 தொலைவில் காவலை வைக்கிறோம். காவல் ரூ.99,600இல் நிற்கிறது. விலை உடனே விழுந்தால் நட்டம் 400 பெருக்கல் 10, அதாவது ரூ.4,000. விலை 1,00,500க்கு ஏறினால் காவல் 1,00,100க்கு வருகிறது. இனி முதலுக்கு மோசமில்லை. 1,00,900க்கு ஏறினால் காவல் 1,00,500. அங்கிருந்து விலை சரிந்து 1,00,500ஐத் தொட்டால் ஒப்பந்தம் முடிகிறது. இலாபம் ரூ.5,000; அதில் கட்டணம் கழியும். விலை மேலும் ஏறியிருந்தால் காவலும் ஏறியிருக்கும். முதலில் விற்றுப் பின்பு வாங்குவோர்க்கு இதே கணக்கு தலைகீழாக நடக்கும்.

இதன் சிறப்பு யாதெனில், எப்போது வெளியேறுவது என்னும் முடிவை, ஆசையும் அச்சமும் எழுவதற்கு முன்பே எடுத்துவிடுகிறது. மனித மனம் சிறு இலாபத்தைக் கண்டதும் பறிக்கத் துடிக்கும். பெரு நட்டத்தைக் கண்டால் நாளை திரும்பும் என்று காத்திருக்கும். வாணிபம் கெடுவது இவ்விரண்டினால்தான். பின்தொடரும் காவல் இவ்விரு குணங்களையும் ஓரளவு கட்டிப்போடுகிறது. ஆகவே கருவி நல்ல கருவியே. ஆனால் எதற்கு நல்லது, எதற்கு ஆகாது என்று அறியவேண்டும்.

கல் எங்கே பயன்படாது

முதலாவது, தொலைவு. கல்லைச் சக்கரத்தோடு ஒட்டி வைத்தால் வண்டி சிறிது அசைந்தாலும் முட்டி நிற்கும். தங்கம் ஒரு நாளில் சாதாரணமாக ஆயிரம் ரூபாய் ஏறி இறங்கும் காலத்தில், நூறு ரூபாய்த் தொலைவில் காவல் வைத்தால் சில நிமிடங்களில் அது தட்டிவிடும். பின்னர் விலை நாம் எண்ணிய வழியிலேயே செல்வதைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். மிகத் தொலைவில் வைத்தாலோ காவல் இருந்தும் பெரு நட்டம் வரும். வெல்ஸ் வைல்டர் என்னும் அமெரிக்கர் 1978இல் எழுதிய நூலில், பல நாட்களின் ஏற்ற இறக்கத்தைச் சராசரி கண்டு, அதனை அளவுகோலாகக் கொண்டு தொலைவை வகுக்கும் முறையைக் கூறினார். இன்றும் பலர் அதனையே பின்பற்றுகின்றனர். தொலைவைச் சந்தையின் அசைவு சொல்லவேண்டும். நம் பையில் இருக்கும் பணம் சொல்லக்கூடாது. சரியான தொலைவு வைத்தால் நட்டம் தாங்காது என்று தோன்றினால், தொலைவைக் குறைப்பது வழியன்று. லாட்டைக் குறைப்பதே வழி. மினி தாங்காதவர் பெட்டலுக்கு வரட்டும். அதுவும் தாங்காதவர் வேடிக்கை பார்க்கட்டும்.

இரண்டாவது, கை. காவல் தட்டப்போகும் நேரத்தில் இன்னும் இருநூறு கீழே இறக்கி வைப்போம் என்று கை நீளும். இறக்கி வைத்த கல் கல்லன்று. முதல்முறை இறக்கி, விலையும் திரும்பிவிட்டால் அதுவே பெருங்கேடு. ஏனெனில் இறக்குவது வழக்கமாகிவிடும்.

மூன்றாவது, இடைவெளி. காவல் ஆணை ஒரு விலையை உறுதி செய்வதில்லை. அவ்விலையைத் தொட்டதும் விற்க முயல்வதை மட்டுமே உறுதி செய்கிறது. விலை படிப்படியாக இறங்காமல் ஒரே தாவலில் விழுந்தால் கிடைக்கும் விலையில்தான் விற்பனையாகும். இன்ன விலைக்குக் குறைந்து விற்காதே என்று வரம்பு கட்டினால், விற்பனையே ஆகாமல் சுமை தோளிலேயே நின்றுவிடலாம். 2013 ஏப்ரல் 15ஆம் நாள் உலகச் சந்தையில் தங்கம் ஒரே நாளில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது விழுந்தது. மேலும், நகரும் காவலைப் பெரும்பாலும் நகர்த்துவது தரகரின் கணினியே. இணைப்பு அறுந்தாலோ அக்கணினி தடுமாறினாலோ காவலும் தடுமாறும்.

ஓர் ஏப்ரல் மாலை

இடைவெளி எவ்வளவு ஆழமாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கொரோனாத் தொற்றினால் உலகம் முடங்கிக் கிடந்த 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 20, திங்கட்கிழமை. வண்டிகளும் வானூர்திகளும் ஓடாமையால் எண்ணெயை வாங்குவார் இல்லை. அமெரிக்காவில் ஒக்லகோமா மாநிலத்துக் குஷிங் என்னும் ஊரிலுள்ள கிடங்குகள் நிரம்பி வழியும் நிலையில் இருந்தன. மே மாத வாயிதா மறுநாள் முடியவேண்டும். வாயிதாவைக் கையில் வைத்திருந்தவர்கள் எண்ணெயை எடுத்து வைக்க இடமின்றி, பணம் கொடுத்தாவது தள்ளிவிடத் துணிந்தனர். வெள்ளிக்கிழமை 18 டாலருக்குச் சற்று மேலிருந்த ஒரு பீப்பாயின் விலை, திங்களன்று கழித்தல் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயையும் கொடுத்து, மேலே பணமும் கொடுக்க வேண்டிய நிலை!

நம் எம்.சி.எக்ஸ். எண்ணெய் வாயிதா, அந்த அமெரிக்க விலையை ரூபாயில் மாற்றிக் கணக்கு முடிப்பது. அதன் ஏப்ரல் ஒப்பந்தம் முடியும் நாளும் அதுவே. ஊரடங்கின் காரணமாக அந்நாட்களில் இங்கே சந்தை மாலை 5 மணிக்கே மூடப்பட்டது. மூடும்போது ஒரு பீப்பாய் ரூ.1,000க்குச் சற்றுக் குறைவு. அதன் பின்னரே அமெரிக்காவில் பெருவீழ்ச்சி நிகழ்ந்தது. இங்கே வாங்கி வைத்திருந்தவர் இரவு முழுதும் விலை விழுவதைப் பார்க்கலாம், விற்க முடியாது. காவல் ஆணை இருந்தும் பயனில்லை; காவலன் நிற்க வேண்டிய வாயிலே பூட்டப்பட்டிருந்தது. முடிவில் எம்.சி.எக்ஸ். அறிவித்த தீர்வு விலை கழித்தல் ரூ.2,884.

ஆயிரம் ரூபாய்க்கு ஒரு லாட் வாங்கியவர் கணக்கைப் பாருங்கள். வாங்கிய பண்டத்தின் முழு மதிப்பு 100 பீப்பாய்க்கு ரூ.1,00,000. அவருடைய நட்டமோ 3,884 பெருக்கல் 100, ஆக ரூ.3,88,400. பண்டம் முழுவதும் கடலில் கொட்டிப்போனாலும் ஓர் இலட்சத்துக்கு மேல் போகாது என்று எவரும் நினைத்திருப்பர். அந்த நினைப்பும் அன்று பொய்த்தது. தரகர்கள் பலர் வழக்கு மன்றம் வரை சென்றனர்.

பாதையில் வண்டி பின்வாங்கினால் கல் தடுக்கும். பாதையே இடிந்து பள்ளமானால் கல்லும் வண்டியோடு சேர்ந்து விழும். ஒன்றை மட்டும் நடுநிலையோடு சொல்லவேண்டும். அன்று மாலை 5 மணிக்கு முன்பே கணக்கை முடித்துக்கொண்ட நாள் வணிகருக்கு இக்கேடு வரவில்லை. மாட்டிக்கொண்டவர், இவ்வளவு மலிந்துவிட்டதே, இதற்கு மேல் எங்கே விழப்போகிறது என்று வைத்திருந்தவரே. அன்றைக்கன்று முடிப்பது என்னும் விதியைக் கைக்கொள்பவர் அதனை முழுதும் கைக்கொள்ளட்டும். நட்டமான நாளில் மட்டும் நாள் வணிகம் நெடுநாள் முதலீடாக மாறக்கூடாது.

வெல்வோர் எத்தனை பேர்

காவல் வைத்தால் இலாபம் வரும் என்பதும் ஒரு மயக்கம். காவல் நட்டத்தின் வடிவத்தை மாற்றும். இலாபத்தை அதனால் உண்டாக்க முடியாது. பல சிறு நட்டங்களும் சில பெரிய இலாபங்களும் வருமாறு அது வகுத்துத் தரும். பத்து முறை இறங்கியவர்க்கு ஏழு முறை ரூ.3,000 வீதம் நட்டமும், மூன்று முறை ரூ.9,000 வீதம் இலாபமும் வந்தால், 27,000இல் 21,000 போக மிச்சம் ரூ.6,000. மூன்றுக்குப் பதில் இரண்டே முறை வென்றாலோ 18,000 வரவு, 24,000 செலவு, ரூ.6,000 நட்டம். வாழ்வுக்கும் தாழ்வுக்கும் இடையே இருப்பது பத்தில் ஒரே முறை!

இதன் மேல் கட்டணம். தரகு, சந்தைக் கட்டணம், 2013இல் வந்த பண்டப் பரிவர்த்தனை வரி, முத்திரை வரி, சரக்கு சேவை வரி ஆகிய அனைத்தும் சேர்ந்து, மேற்சொன்ன கோல்டு மினியை ஒருமுறை வாங்கி விற்கக் குறைந்த கட்டணத் தரகரிடமே ஏறத்தாழ இருநூறு ரூபாய் ஆகும். நாளொன்றுக்கு ஐந்து முறை, திங்களுக்கு இருபது நாள் என்றால் நூறு முறை, ரூ.20,000. வென்றாலும் தோற்றாலும் கட்ட வேண்டிய வாடகை இது. வீட்டு வாடகை இதனினும் குறைவாகக் கொடுக்கும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன.

செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அது பங்குச் சந்தையின் வாயிதா, ஆப்ஷன் பற்றியது. பண்டச் சந்தை பற்றியதன்று. எனினும் மனிதர் ஒருவரே. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் அவற்றில் இறங்கிய தனிமனிதர் ஒரு கோடிக்கு மேல். அவர்களுள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் ரூ.1.8 இலட்சம் கோடிக்கு மேல். நட்டமடைந்தவர் எல்லோரும் அறிவிலிகள் அல்லர். ஸ்டாப் லாஸ் என்ற சொல்லை அறியாதவர்களும் அல்லர். எதிரே அமர்ந்திருப்பவர் பெருநிறுவனத்தின் கணினி என்பதும், ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டணம் கழிகிறது என்பதுமே பெருங்காரணங்கள்.

இளைஞர்க்கும் பெற்றோர்க்கும்

இவ்வளவும் அறிந்த பின்னும் கற்றுப் பார்க்க விரும்பும் இளைஞருக்குச் சில சொற்கள். கடன் வாங்கிய பணம், நகையை அடகு வைத்த பணம், தங்கையின் திருமணத்துக்கென்று வைத்த பணம், தந்தையின் ஓய்வுக்காலப் பணம் ஆகிய நான்கையும் தொடக்கூடாது. முழுதும் போனாலும் வீட்டின் அடுப்பு அணையாத ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். ஒருமுறை இறங்கினால் அத்தொகையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இழக்கலாகாது என்று வரையறுங்கள். ரூ.4,000 நட்டத்துக்கு இடமளிக்கும் கோல்டு மினிக்கு இவ்விதிப்படி நான்கு இலட்சம் ஒதுக்கம் வேண்டும். ஐம்பதாயிரம் வைத்திருப்பவருக்கு இழப்பின் எல்லை ரூ.500. அவர் ஒரு கிராம் பெட்டலில் பழகட்டும், ரூ.40 போகும் இடத்தில் கற்கும் பாடமும், ரூ.4,000 போகும் இடத்தில் கற்கும் பாடமும் ஒன்றே. பாதியை இழந்தவர் பழைய நிலைக்கு வர இருந்ததை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதையும் மறவற்க.

ஒவ்வொரு கொள்முதலையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: ஏன் வாங்கினோம், காவல் எங்கே, அதனை நகர்த்தினோமா, கட்டணம் எவ்வளவு. ஆறு திங்கள் கழித்துக் கூட்டிப் பாருங்கள். குறிப்பேடு காட்டும் விடை எவருடைய அறிவுரையினும் சிறந்தது. இலாபம் வந்தால் வருமான வரிக் கணக்கில் காட்டுவதும் கடமை.

செபியில் பதிவு பெற்ற தரகரிடம் மட்டுமே கணக்கு வையுங்கள். சந்தைக்கு வெளியே, சீட்டும் பதிவும் இன்றி நடக்கும் 'டப்பா' வாணிபம் சட்டத்துக்குப் புறம்பானது. அங்கே இலாபம் வந்தால் வாங்கிக் கொடுப்பார் இல்லை. கைப்பேசிக் குழுக்களில் நாளை இது ஏறும் என்று உறுதி கூறுவோரையும், உறுதியான வட்டி தருகிறோம் என்று நம் பெயரில் வாணிபம் செய்ய முன்வருவோரையும் வாயிலிலேயே நிறுத்துங்கள். ஊர்க்காரர், உறவினர், நம் மொழி பேசுபவர் என்பது மட்டும் நம்பிக்கைக்குச் சான்றாகாது. பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு ஒருவரை ஒருவர் நம்புவதே முதல். அதனை அடகு வைக்கலாகாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மகன் கைப்பேசியும் கையுமாக இரவு முழுதும் இருந்தால் ஏசுவதால் பயனில்லை, ஏசினால் மறைப்பான். மறைத்த நட்டமே வளரும். கணக்கைக் காட்டு என்று அன்போடு கேளுங்கள். நட்டம் இருந்தால் எவ்வளவு என்று அறிந்து, அதற்கு ஓர் எல்லை கட்டி, அவனோடு சேர்ந்து நின்று முடியுங்கள். இழந்ததை இழந்த இடத்திலேயே மீட்பேன் என்னும் எண்ணம் எழும்போதுதான் வாணிபம் சூதாக மாறுகிறது. வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தமைக்குக் காரணம் அந்த எண்ணத்தின் வலிமையே என்று நமக்குத் தோன்றுகிறது. சந்தையில் வைக்கும் காவல் தவறினாலும், வீட்டிலுள்ளோர் அறிந்து வைத்த காவல் பெரும்பாலும் தவறுவதில்லை.

டிரெயிலிங் ஸ்டாப் போட்டால் நட்டமே வராதா என்று கேட்ட அன்பர்களுக்கு நம் விடை இதுவே: நட்டம் வரும், பெரும்பாலான நாட்களில் அது அளவோடு வரும், எப்போதோ ஒரு நாள் அளவின்றியும் வரும். அந்த ஒரு நாளைத் தாங்கும் வலிமை உள்ளவர் மட்டுமே அவ்வழி செல்லலாம். மற்றையோர் திங்கள்தோறும் சிறு தொகை சேர்த்து வருவதில் இழிவு ஒன்றும் இல்லை.

வரும் திங்கள் இப்பகுதியில், நகைக்கடன் வாங்குவோர் வட்டியைக் கணக்கிடும் முறை பற்றி எழுதுவோம்.